இருமலுக்கு இறங்கும் முக்காடு

சாவடி கண்ணில் படுவதற்குள் பர்பாயியின் இடது கை தலைக்குப் போய்விடும். தலையில் சாணிக் கூடை இருக்கும். வலது கையில் எருமைக் கயிறு இருக்கும். இடது கையின் இரண்டு விரல்கள் மேல்துணியின் ஓரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் மறைந்து முக்காடு மார்புவரை இறங்கிவிடும். சாவடியில் ஹூக்காவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அவள் கால்விரலும் எருமையின் மூஞ்சியும்தான் தெரியும். குளத்து முக்கு திரும்பியதும் அதே இரண்டு விரல்கள் முக்காட்டைத் தூக்கிவிடும், உடனே வாயும் திறந்துகொள்ளும். "ஏ மூதேவி, அந்தக் கடலைக் காட்டுல உங்கப்பன் என்ன பொதைச்சு வெச்சுட்டுப் போனான்? நேராப் பாத்து நட!" வசவு எருமைக்குத்தான். ஆனால் சாவடிக்கும் கேட்கிற சத்தத்தில் இருக்கும்.

அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறாள். பேரன் மீசை முளைத்து நிற்கிறான். இன்னும் எதற்கு இந்த முக்காடு என்று டவுனிலிருந்து வரும் மருமகள்கள் கேட்டால், "வயசு எனக்குத்தானே ஆச்சு, முறைக்கா ஆச்சு?" என்பாள். கணவனுக்கு மூத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் முன்னால் முகம் காட்டக் கூடாது. முன்னால் நிற்கும்போது குரலும் கேட்கக் கூடாது. வடக்கே ஹிசார் பக்கத்தில், இவள் வாழும் சாந்தல்கேடி போன்ற ஊர்களில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கல்யாணமாகி வந்த அன்றைக்கே பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

முகம் காட்டக் கூடாது என்பதால்தான் இங்கே ஆண்கள் இருமுகிறார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று ஓர் இருமல். பெண்கள் துணியைச் சரிசெய்துகொள்ள அதுதான் அவகாசம். இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் பர்பாயி. ஊராட்சித் தலைவர் தேக்ராமின் இருமல் கதவைத் தட்டுகிற மாதிரி ஒரே ஒரு தடவைதான். பால்காரருடையது பொய் இருமல், சிரிப்பு கலந்தது. கணவனின் அண்ணன், அவளுக்கு மூத்தாரான ஜுக்லாலின் இருமலோ ஹூக்காப் புகையில் ஊறி அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும். தெருக்கோடியில் கேட்டாலே அவள் விரல்கள் துணியைத் தேடும்.

ஆள் ஒல்லி. கைகள் மட்டும் வேறு யாருடையவோ என்று தோன்றும்படி பெரியவை. வரட்டி தட்டித் தட்டி அகன்ற கைகள். ஊரில் பிட்டோரா கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வரட்டிகளை வட்டமாக அடுக்கி, ஆளுயரத்துக்கு மேல் எழுப்பி, உச்சியைக் கூம்பாக்கி, வெளியே கனமாகச் சாணி பூசி மூடிவிட்டால் அதுதான் பிட்டோரா. மழைக்காலம் முழுவதற்குமான அடுப்பெரிப்பு அதற்குள் நனையாமல் இருக்கும். பூசிய ஈரம் காய்வதற்குள் மேலே விரலால் மயில் போடுவாள், ஏணி போடுவாள். "ஏணி எதுக்கு தாயீ?" என்று கேட்டால், "மயில் எறங்க வேணாமா? மேலயே நின்னா கால் வலிக்காது?" என்பாள். மழைக்கு முன்னால் வீட்டுக்கு வீடு அவளைக் கூப்பிடுவார்கள். கூலி என்று ஒன்றும் கிடையாது. ஒரு சொம்பு மோர், கொஞ்சம் வெல்லம், முழங்காலுக்குத் தேய்க்க எண்ணெய், அவ்வளவுதான்.

ஐந்தாவதாகவும் பெண் பிறந்தபோது, கடவுளே கணக்குத் தீர்ந்தது, இனிப் போதும் என்று அவளுடைய அப்பா வைத்த பெயர் பர்பாயி. அந்தப் பெயரைத் தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள். ஆனால் புருஷன் வீட்டு ஆண்களின் பெயர்கள் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. கணவன் பிர்ஜு செத்துப் போய் வெகு காலம் ஆகியும் அவர் இன்னும் "சத்பீரோட அப்பா"தான். மாமனாரின் பெயர் சாந்த்கி. அவர்கள் பேச்சில் சாந்த் என்றால் நிலா, அந்தப் பெயருக்குள்ளேயே நிலா இருக்கிறது. அதனால் இந்த அம்மாளுக்கு நிலாவும் மாமனார் மாதிரிதான். நிலாவைப் பார்த்த பிறகே சாப்பிடும் விரத நாளில் கூரையில் நிற்கும் பெண்களிடம், "மேல இருக்கிறவரு வந்துட்டாரா பாருங்கடி, பசி உசுரு போவுது" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பாள்.

இவள் பெயர் சொல்லாததை வைத்து ஊரே ஒரு காலத்தில் சிரித்துக்கொண்டிருந்தது.

வீடு ஊர்ப் பொது நிலத்தில் இருந்தது. குளத்துக் கரைக்குப் பின்னால், நிலம் நீச்சு இல்லாத தானக் சாதிக் குடும்பங்கள் பழைய காலத்தில் வந்து குடிசை போட்ட இடம். மற்றவர்கள் செங்கல் சூளை, மில் என்று போய்விட இந்த ஒரு குடும்பம் மட்டும் மிஞ்சியது. இரண்டு மண் அறைகள், எருமைக் கொட்டில், பிட்டோரா, நடுமுற்றத்தில் ஒரு வேம்பு. வேம்படியில் மாமனாரின் கயிற்றுக் கட்டில் கிடக்கும். அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானைக்குப் போகும்போது கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போகாமல் கால்மாட்டைச் சுற்றிப் போவாள். கட்டிலை நெருங்கும்போது முக்காடு இறங்கும், கொட்டில் சுவர் மறைத்ததும் ஏறும். மாமனார் போனபின் பட்டாளத்திலிருந்து திரும்பிய மூத்தார் ஜுக்லால் அதே கட்டிலில் படுத்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன். இவள் சுற்றிப் போவது மாறவில்லை. அவள் கால் பட்டுப் பட்டு வேம்படியில் பிறை போல ஒரு தடம் விழுந்திருந்தது. அங்கே புல் முளைக்காது.

அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஊராட்சிக்கு ஆசை வந்தது. தேக்ராம் வழக்குப் போட்டார். பொது நிலத்தை வளைத்துப் பிடித்திருக்கிறார்கள், வரட்டியை அடுக்கி அடுக்கி எல்லையை நகர்த்தியிருக்கிறார்கள், காலி செய்து தர வேண்டும் என்று மனு. பொது நிலச் சட்டம் வருவதற்கு வெகு முன்னாலிருந்தே குடியிருந்தவர்களானால் வீடு தப்பும், பின்னால் வந்தவர்களானால் போய்விடும். வழக்கு மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்: இங்கே யார், எப்போது வந்தது?

பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் பர்பாயி. சட்டம் வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், பாவாடையை இழுத்துக் கட்டத் தெரியாத வயதில், மருமகளாக அந்த முற்றத்தில் வந்து இறங்கியவள். ஜுக்லால் அந்த வருஷங்களெல்லாம் பட்டாளத்தில் இருந்தவர். அவர் சொல்லுக்கு எடை இல்லை என்று இவர்களுடைய வக்கீல் கோயல் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊரில் மிச்சமிருந்த கிழவர்கள் தேக்ராமின் ஹூக்காவில் வாய் வைப்பவர்கள். அவர்களுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அதிகாரி இடத்தைப் பார்க்க வந்த அன்று ஊரே திரண்டுவிட்டது. வேம்படியில் நாற்காலி போட்டார்கள், பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். பர்பாயியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். முக்காட்டுக்குள் அவள் எங்கே பார்க்கிறாள் என்பதுகூடத் தெரியவில்லை.

"இந்த வீட்டைக் கட்டினது யாரும்மா?" என்றார் அதிகாரி.

"சத்பீரோட தாத்தா." பக்கத்தில் நின்ற பெண்ணின் காதில் பர்பாயி சொல்ல, அந்தப் பெண் உரக்கச் சொன்னாள்.

"பேர் சொல்லணும்."

முக்காடு அசையவில்லை.

"உங்க மாமனார் பேர் என்னம்மா? நான் எழுதணும்ல?"

மகன் சத்பீர் வாயைத் திறந்தான். "சார், எங்க தாத்தா பேரு…"

"தம்பி, நீ சும்மா இரு." தேக்ராம் மெதுவாகத்தான் சொன்னார். "சாட்சி அவங்க. நாம யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. அதுதானே சார் சட்டம்?"

இந்த இடத்தில் தேக்ராமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வீட்டிலும் மருமகள்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டியிருப்பாள். பர்பாயி ஏன் வாய் திறக்கவில்லை என்பது அங்கே நின்றவர்களில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னால் மானங்கெட்டவள், சொல்லாவிட்டால் எதுவும் தெரியாதவள். இரண்டில் எது வந்தாலும் தனக்கு லாபம் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வீட்டை யார், எப்போது கட்டினார் என்று சாட்சியால் சொல்ல இயலவில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அவருடைய நாற்காலிக் கால் அந்தப் பிறைத் தடத்தில்தான் ஊன்றியிருந்தது. குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கோயல் மேல்முறையீட்டுக்குப் போனார். பெரியவர்கள் இல்லாத இடத்தில், அலுவலகத்தில் வைத்து அந்த அம்மாளை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழி பிறந்தது. வக்கீலுக்கு ஒரே சந்தோஷம்.

"ரெண்டே ரெண்டு வார்த்தை தாயீ. உங்க மாமனார் பேரு, உங்க வீட்டுக்காரர் பேரு. சொல்லிட்டீங்கன்னா வீடு உங்களுது."

"வக்கீலய்யா, நீங்க உங்க அப்பாவப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிட மாட்டேன். ஆனா யாராவது கேட்டாச் சொல்லுவேனே."

"அதான் நீங்க படிச்சவரு" என்றாள். கிண்டலா, மரியாதையா என்று கோயலுக்குப் புரியவில்லை.

ஆனால் அவள் பழகினாள். கொட்டிலில் பால் கறக்கும்போது எருமையின் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, "சா… சா…" என்று முனகுவதைச் சத்பீரின் பெண்டாட்டி கேட்டிருக்கிறாள். ஒரு விடிகாலை முழுப் பெயரும் வந்துவிட்டது. சாந்த்கி. எருமை காதை ஆட்டியது. அன்று முழுவதும் பர்பாயி பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பெரியவரைப் பேர் சொன்ன பாவத்துக்குத் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை. இருந்தும் மருமகளிடம், "வாய்க்கு வந்துருச்சுடி. இனி வரும்" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாம்.

விசாரணைக்கு நகரத்துக்குப் போனார்கள். ஜுக்லால் பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார்ந்தார், அவள் கடைசி வரிசையில். அலுவலகத்தில் கோயல் அவரைத் தனியே அழைத்து, "மாமா, நீங்க வெளியில இருங்க. நீங்க இருந்தா அவங்க பேச மாட்டாங்க" என்றார். "நான் எதுக்கு உள்ள? தெருவுலயே நிக்கிறேன். அவ சொன்னாப் போதும்" என்று ஜுக்லால் வராந்தாக் கோடிக்குப் போய்விட்டார். அந்த வீட்டை அவரைவிட அதிகமாக யாரும் ஆசைப்படவில்லை. சாகும்போது அப்பாவின் வேம்படியில் சாக வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது.

புதிதாக வந்திருந்த அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தார். அவரைப் பார்த்ததும் பர்பாயியே முக்காட்டைப் பாதி தூக்கிக்கொண்டாள். மகன் வயதுக்காரரிடம் என்ன மறைப்பு! சத்பீர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பயப்படாதீங்கம்மா. எந்த ஊர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தீங்க?"

சொன்னாள்.

"வந்தப்ப இந்த வீடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. வேம்பு எம் முழங்கால் உசரம் இருந்துச்சு. நாந்தான் தண்ணி ஊத்துனேன்."

அதிகாரி எழுதினார்.

"வீட்டைக் கட்டினது யாரு?"

"எங்க மாமனாரு."

"அவர் பேரு?"

இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதடுகள் குவிந்தன. "சா…"

வெளியே வராந்தாவில் ஓர் இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஹூக்காப் புகையில் உரசி, நீளமாக வந்து நின்ற இருமல்.

அவள் கை மேலே போனதை அவளே பார்த்திருக்க மாட்டாள். முக்காடு மார்புவரை விழுந்துவிட்டது.

"சொல்லுங்கம்மா. சா… அப்புறம்?"

"மூத்தாரு நிக்கிறாரு" என்றது முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

"அவர்தான் வெளியில இருக்காரே?"

"காது உள்ளதானே இருக்கு."

எதிர்க்கட்சி வக்கீல் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பொறுத்துப் பார்த்தார், மறுபடி கேட்டார். சத்பீர், "அம்மா, அம்மா" என்று கெஞ்சினான். கோயல் வராந்தாவுக்கு ஓடி ஜுக்லாலைத் தெருவுக்கே துரத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை இறங்கிவிட்ட முக்காடு ஏறவில்லை. வெளியே அடுத்த வழக்குக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சாட்சி இம்முறையும் பெயர் கூறவில்லை என்று எழுதப்பட்டது. வேம்பு முழங்கால் உயரம் இருந்ததைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் சத்பீர் பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னான். ஜுக்லால் வீட்டுக்கு வந்ததும் ஹூக்காவைத் தூக்கிக் குளத்தில் எறிந்தார். ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. மறுநாள் அவள் பால் கறக்கும் நேரத்தில் கொட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். இருமவில்லை, தடியால் மட்டும் தரையைத் தட்டினார்.

"ஏ எருமை," என்றார் சுவரைப் பார்த்து, "உன் எஜமானிகிட்டச் சொல்லு. இந்தப் பாழாப்போன கிழவன் வாயிலயே மண்ணப் போட்டிருக்கணும்னு."

பால் பாத்திரத்தில் விழும் சத்தம் நின்றது. சற்றுக் கழித்து உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. அதுவும் எருமையிடம்தான் பேசியது. "சொல்லுடி அவருகிட்ட. இருமல் யாருக்குத்தான் வராதுன்னு. போய்க் கஷாயம் குடிக்கச் சொல்லு."

ஜுக்லால் சுவரில் கை வைத்தபடி அழுதார். அவர் அழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்காத மாதிரி பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள்.

இடிக்கிற அன்று இயந்திரம் முதலில் பிட்டோராவைத்தான் சாய்த்தது. மயிலும் ஏணியும் கட்டி கட்டியாகப் பிளந்து விழுந்தன. உள்ளே காய்ந்த வரட்டிகள் அடுக்குக் கலையாமல் தெரிந்தன. பர்பாயி கூடையை எடுத்துக்கொண்டு உடையாதவற்றைப் பொறுக்க ஓடினாள். அப்போது தேக்ராம் வந்தார். இயந்திரச் சத்தத்தையும் மீறி அவருடைய அந்த ஒற்றை இருமல் கேட்டது. அவரும் கணவனுக்கு மூத்தவர்தானே! தன் வீட்டை இடித்துக்கொண்டிருப்பவருக்கு மரியாதையாக முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, கண் தெரியாமல், கையால் தடவித் தடவி வரட்டி பொறுக்கினாள். கூட நின்ற பெண்கள் வாயில் துணியை வைத்து அழுதார்கள். தேக்ராம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மத்தியானத்துக்குள் வேம்பையும் வெட்டிவிட்டார்கள்.

இப்போது ஊரின் மறுகோடியில், சூளைக்காரரின் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். முற்றம் கிடையாது. ஜுக்லாலின் கட்டிலைத் தெருவோரமாகப் போட்டிருக்கிறார்கள். லாரி போகும்போதெல்லாம் புழுதி அவர் மேல் விழுகிறது. இருமல் முட்டிக்கொண்டு வந்தால் தலையணையை வாயில் பொத்திக்கொள்கிறார். பிட்டோரா கட்ட இடமில்லாததால் பர்பாயி மற்றவர்கள் நிலத்தில் கட்டிக் கொடுக்கிறாள். மயில் போடுவதில்லை. கேட்டால், "கை வலிக்குது" என்கிறாள். கல்யாண மண்டபம் இன்னும் கட்டியபாடில்லை. ஒரு பலகை நட்டதோடு சரி.

எருமையைக் குளத்துக்கு ஓட்டிப் போக அந்த இடத்தின் குறுக்கேதான் வழி. சுவரில்லை, மரமில்லை, ஒரு செடிகூட இல்லை. இயந்திரம் இழுத்துச் சமமாக்கிய வெறும் கட்டாந்தரை. அந்த நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மனிதர் யாரும் இருப்பதில்லை. எருமை நேராகத் தண்ணீரைப் பார்த்துப் போகிறது. பர்பாயி கயிற்றை நீளமாக விட்டுக்கொடுத்து, வேம்பு நின்ற இடம் வருவதற்குச் சற்று முன்பே முக்காட்டை மார்புவரை இழுத்து விட்டுக்கொண்டு, ஒன்றுமே இல்லாத தரையில் வளைந்து சுற்றிப் போகிறாள்.